விமானப்படைச் சேவையும் பயணிகள் விமானியாகும் கனவும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில், "விமானியாக வேண்டும்" என்று கூறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் ஆலோசனை வழமையாகக் கிடைப்பதுண்டு. தனியார் பறப்புப் பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதற்குப் பல மில்லியன் ரூபாய் வேண்டும். ஆகவே பிள்ளையை விமானப்படையில் சேர்த்துவிடுங்கள், அரசாங்கச் செலவில் பயின்று சில ஆண்டுகளின் பின்னர் விமான நிறுவனமொன்றுக்கு மாறிவிடலாம் என்பதே அந்த ஆலோசனையாகும். இதில் உண்மை உண்டு. எனினும் அது பாதி உண்மையே. மீதிப் பாதியை அறியாது கையொப்பமிடும் இளைஞர் தமது வாழ்க்கையின் மிக முக்கியமான பத்து, பதினைந்து ஆண்டுகளைப் பிழையாகக் கணக்கிட்டு விடுகின்றனர்.

மாத்தளை மாவட்டத்தின் லக்கல பல்லேகம பிரதேசத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், நெல்லையும் மிளகையும் சேனைப் பயிர்ச்செய்கையையும் நம்பி வாழும் விவசாயிகளின் பிரதேசம் இது. களு கங்கை நீர்த்தேக்கத் திட்டத்தினால் பழைய பல்லேகம நகர் நீரில் மூழ்கியதால் அங்கிருந்தோர் புதிய நகரில் குடியமர நேர்ந்தது. இத்தகைய கிராமமொன்றில் பிறந்த பிள்ளைக்குக் கொழும்பிலுள்ள பறப்புப் பயிற்சி நிலையம் எட்டாத தொலைவில் இருக்கின்றது. ஆனால் விமானப்படை அவ்வளவு தொலைவில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த சிகிரியா விமானத் தளம் இதே மாத்தளை மாவட்டத்திலேயே உள்ளது. அது இன்று விமானப்படையின் பொறுப்பில் இருக்கின்றது. அயல் மாவட்டமான பொலன்னறுவையில் ஹிங்குராக்கொட தளம் அமைந்துள்ளது. எனவே வசதி குறைந்த பிள்ளையின் கண்ணுக்கு முதலில் தெரியும் வானம் படையினரின் வானமாக இருப்பதில் வியப்பில்லை.

பிரிக்க முடியாத வரலாறு

இலங்கையில் சிவில் விமான சேவையும் இராணுவ விமான சேவையும் தொடக்கம் முதலே பின்னிப் பிணைந்தவை. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்நிறுவனம் பயன்படுத்திய டக்கோட்டா விமானங்கள் போர்க் காலத்தின் எச்சங்களாகும். 1951ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி அரச இலங்கை விமானப்படை உருவாக்கப்பட்டது. அதன் ஆரம்பகாலப் பயிலிளவல்கள் பயிற்சிக்காக இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். நாடு 1972இல் குடியரசானபோது அது இலங்கை விமானப்படை எனப் பெயர் மாற்றம் பெற்றது.

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் போதிய நிதி இன்றித் தவித்த விமானப்படை, தனது ஹெலிகொப்டர்களில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்று வருமானம் தேடிக்கொண்டது. ஹெலிடுவர்ஸ் என்னும் பெயர் அவ்வாறுதான் பிறந்தது. போர் முடிந்த பின்னர் அதே பெயரில் எம்.ஏ. 60 ரக விமானங்கள் உள்நாட்டுப் பயணிகளை ஏற்றிப் பறந்தன. சீருடை அணிந்த விமானியே பயணிகளையும் ஏற்றிச்செல்லும் வழக்கம் இலங்கைக்குப் புதிதன்று.

எயார் சிலோன் 1978இல் மூடப்பட்டதும் அடுத்த ஆண்டு எயார் லங்கா ஆரம்பிக்கப்பட்டது. 1998இல் அது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஆனது. படைத்தளமும் சர்வதேச விமான நிலையமும் கட்டுநாயக்கவில் அருகருகே இருப்பதன் விலையை 2001ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி நாடு உணர்ந்தது. அன்றைய தாக்குதலில் விமானப்படையின் விமானங்களோடு ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் எயார்பஸ் விமானங்களும் அழிந்தன.

படையின் சின்னம் அனுமதிப்பத்திரம் ஆகாது

பலரும் அறியாத முதலாவது விடயம் இதுவாகும். விமானப்படையில் பயிற்சி முடித்து மார்பில் சிறகுச் சின்னம் அணியும் ஒருவர், அதனைக் காட்டிப் பயணிகள் விமானத்தைச் செலுத்த முடியாது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மாத்திரமே உரியது. இராணுவ, சுங்க, பொலிஸ் சேவைகளுக்கான விமானங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. ஆகவே படை விமானி தமது படையின் சட்டத்தின் கீழ்ப் பறக்கின்றார். பயணிகள் விமானி சிவில் விமான சேவைகள் அதிகார சபை வழங்கும் அனுமதிப்பத்திரத்தின் கீழ்ப் பறக்கின்றார். இவை இரண்டும் வெவ்வேறு கதவுகளாகும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தர விதிகளின்படி, வணிக விமானி அனுமதிப்பத்திரம் பெற 18 வயதும் 200 மணித்தியாலப் பறப்பு அனுபவமும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி நெறியாயின் 150 மணித்தியாலம் போதும். பயணிகள் விமானத்தின் கப்டனாவதற்குரிய உயர் அனுமதிப்பத்திரத்துக்கு 21 வயதும் 1,500 மணித்தியாலமும் தேவை. இவற்றுடன் எழுத்துப் பரீட்சைகள், கருவிகளை மாத்திரம் நம்பிப் பறக்கும் தகைமை, பல இயந்திர விமானத் தகைமை, குறித்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சி ஆகியனவும் உள்ளன. ஆங்கில மொழித் தேர்ச்சியில் குறைந்தது நான்காம் மட்டத்தை எட்ட வேண்டும்.

படை விமானியின் பறப்பு அனுபவத்தை அதிகாரிகள் கணக்கில் எடுப்பர் என்பது உண்மையே. ஆயினும் விமானச் சட்டம், வானிலை, வழிகாட்டல், விமானச் செயற்பாடு முதலிய பாடங்களில் பரீட்சை எழுதித் தேற வேண்டிய கடமை அவருக்கும் உண்டு. பத்தாண்டு பறந்துவிட்டு முப்பது வயதைத் தாண்டிய பின்னர் மீண்டும் புத்தகத்தைக் கையிலெடுப்பது எல்லோருக்கும் எளிதன்று. ஆகவே சேவைக் காலத்திலேயே ஒவ்வொரு பறப்பையும் முறையாகப் பதிவேட்டில் குறித்து, அத்தாட்சிப்படுத்தி வைத்திருப்பவரே பின்னர் இலகுவாகக் கரையேறுவார்.

எந்த விமானத்தில் பறந்தீர்கள்?

இரண்டாவது விடயம் மேலும் முக்கியமானது. திருகோணமலை சீனன்குடாவிலுள்ள விமானப்படைக் கல்விப்பீடத்தில் அடிப்படைப் பறப்புப் பயிற்சியை முடிக்கும் அதிகாரி எந்தப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்பதைப் படையே தீர்மானிக்கின்றது. தாக்குதல் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகொப்டர் என்பன அப்பிரிவுகளாகும். அதிகாரியின் விருப்பம் கேட்கப்படலாம். படையின் தேவையே வெல்லும்.

பயணிகள் விமான நிறுவனத்தின் பார்வையில் இம்மூன்றும் சமமானவை அல்ல. அன்டனோவ் 32, சி 130, வை 12 போன்ற விமானங்களில் இரு விமானிகள் இணைந்து, பல இயந்திரங்களைக் கையாண்டு, நீண்ட பாதையில் பறந்த அனுபவம் எயார்பஸ் விமான அறைக்கு மிக நெருக்கமானது. பெல் 212, எம்.ஐ. 17 ஹெலிகொப்டர்களில் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் பறந்தவரின் திறமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. மழையிலும் இருளிலும் மலைச்சரிவிலும் இறங்கியவர்கள் அவர்கள். 2014ஆம் ஆண்டு முதல் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐக்கிய நாடுகள் அமைதிப் பணியில் இலங்கை ஹெலிகொப்டர் விமானிகள் ஈடுபட்டமையும் குறிப்பிடத்தக்கது. எனினும் சட்டத்தின்படி விமானத்துக்கும் ஹெலிகொப்டருக்கும் அனுமதிப்பத்திரங்கள் வேறு வேறானவை. ஹெலிகொப்டர் மணித்தியாலங்களில் ஒரு பகுதி மாத்திரமே விமான அனுபவமாகக் கொள்ளப்படும். எஞ்சியதை அவர் சொந்தச் செலவில் பறந்து நிரப்ப நேரலாம்.

மணித்தியாலங்களின் எண்ணிக்கையும் ஒரு பிரச்சினையே. ஐரோப்பிய விதிகளின்படி பயணிகள் விமானி ஒருவர் ஆண்டொன்றில் 900 மணித்தியாலம் வரை பறக்கலாம். சமாதான காலத்தில் தாக்குதல் விமானி ஆண்டுக்கு 200 மணித்தியாலத்தை எட்டுவதே பெரிது. எரிபொருளும் உதிரிப்பாகமும் அருகிய நாட்டில் இந்த எண்ணிக்கை மேலும் குறையும்.

கட்டணம் பணமன்று, ஆண்டுகளே

விமானப்படைப் பயிற்சி இலவசமானது என்று கூறுவது சரியன்று. அதன் விலை சேவை ஆண்டுகளாக அறவிடப்படுகின்றது. அமெரிக்க விமானப்படையில் விமானிப் பயிற்சியை முடித்தவர் அதன் பின்னர் பத்து ஆண்டுகள் சேவையாற்றக் கடமைப்பட்டவர். இந்திய விமானப்படையின் பறப்புப் பிரிவில் குறுங்காலச் சேவை என்பதே பதினான்கு ஆண்டுகளாகும். இலங்கையிலும் பயிலிளவல் அதிகாரி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டே பயிற்சிக்குச் செல்கின்றார். காலத்துக்கு முன்னர் விலகுவதாயின் படையின் அனுமதி வேண்டும்.

இருபது வயதில் சேர்பவர் பயிற்சி முடித்து, கடமை ஆண்டுகளை நிறைவுசெய்து வெளியேறும்போது முப்பத்தைந்தை நெருங்கிவிடுவார். விமான நிறுவனங்களில் பதவி உயர்வு பெரும்பாலும் சேர்ந்த திகதியின்படி அமைகின்றது. ஸ்குவாட்ரன் லீடராக ஒரு பிரிவையே வழிநடத்தியவர், அங்கு கனிஷ்ட துணை விமானியாக, தம்மிலும் இளைய கப்டனின் அருகில் அமர வேண்டியிருக்கும். சர்வதேச விதிப்படி இரு விமானிகள் செலுத்தும் பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம் என்பதால் முப்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கை அவருக்கு இன்னும் எஞ்சியிருக்கும். ஆகவே காலம் கடந்துவிட்டது என்று கூற முடியாது. ஆனால் இதனை முன்கூட்டியே அறிந்து செல்வதற்கும் அறியாது செல்வதற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு.

பறப்புப் பயிற்சிக்குச் செல்லும் எல்லோரும் அதில் தேறுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. விமானியாகவென்று படையில் சேர்ந்த ஒருவர் நிர்வாகத்திலோ வழங்கல் பிரிவிலோ பணியாற்ற நேரலாம். தனியார் நிலையத்தில் தோற்பவர் பணத்தை இழப்பார். படையில் தோற்பவருக்கு ஒப்பந்தம் அப்போதும் எஞ்சியிருக்கும்.

உலக அனுபவம்

படையிலிருந்து வந்தவர்கள் பயணிகள் விமானத்துக்குக் கொண்டுவரும் செல்வம் நிதானமாகும். 2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நியூயோர்க்கில் பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 உயிர்களையும் காத்த கப்டன் செஸ்லி சலன்பேர்கர், அமெரிக்க விமானப்படையில் பான்டம் விமானம் செலுத்தியவர். 2018இல் இயந்திரம் சிதறிய விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கிய டாமி ஜோ ஷல்ட்ஸ், அமெரிக்கக் கடற்படையின் முன்னாள் பெண் விமானி. அமெரிக்காவில் ஏனையோர் 1,500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டிய இடத்தில், படை விமானிக்கு 750 மணித்தியாலம் போதும் என விதி இடம் கொடுத்திருப்பதும் இந்தப் பயிற்சியின் மதிப்பை உணர்த்துகின்றது. எமது அயலில், பாகிஸ்தான் விமானப்படையின் நூர் கான் 1959 முதல் 1965 வரை அந்நாட்டின் தேசிய விமான நிறுவனத்தைத் தலைமை தாங்கி வளர்த்தெடுத்தார்.

எனினும் உலகம் முழுவதிலும் படை வழி ஒன்றே வழி என்ற நிலை மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் படை விமானிகளாலேயே நிரம்பின. இன்று ஆசிய, வளைகுடா நிறுவனங்கள் பாடசாலை முடித்த இளைஞர்களைத் தாமே பயிற்றுவிக்கின்றன.

எமது இளைஞர்கள் முன்னுள்ள கேள்வி

தமிழ்க் குடும்பமொன்றுக்குப் பிள்ளையைப் படையில் சேர்ப்பது வெறும் தொழில் தெரிவு அன்று. 1983 முதல் 2009 வரையிலான போரில் வானிலிருந்து வந்த குண்டுகளின் நினைவு வடக்கு, கிழக்கு மக்களிடம் இன்றும் உள்ளது. 1998இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானத்துடன் அழிந்த 55 உயிர்களின் நினைவும் அவ்வாறே. முஸ்லிம்களைப் பொறுத்தவரை, குறிப்பாக மலாய் சமூகத்தினருக்குப் பிரித்தானியர் காலம் முதலே படைச் சேவையுடன் நீண்ட தொடர்பு உண்டு. ஆயினும் எல்லாச் சமூகத்தினரும் அமர்ந்திருக்கும் விமானப்படையே நாடு முழுவதற்கும் உரிய விமானப்படையாக முடியும். தமிழ்மொழி மூலம் கற்ற பிள்ளை அங்கு சிங்களத்தில் பழகி, ஆங்கிலத்தில் பயில வேண்டியவராகின்றார். இச்சுமையைக் குறைப்பது அரசின் கடமையாகும்.

பெண் பிள்ளைகளுக்கும் இவ்வழி திறந்துள்ளது. 2020ஆம் ஆண்டு சீனன்குடாவில் இரு பெண் அதிகாரிகள் முதன்முறையாக விமானிகளுக்குரிய சிறகுச் சின்னத்தைப் பெற்றனர்.

விமானி ஆசனம் கிடைக்காதவர்களுக்கும் வானம் மூடப்பட்டதன்று. ஏக்கலையிலுள்ள விமானப்படைத் தொழிற்பயிற்சிப் பாடசாலையில் பயிலும் தொழில்நுட்பவியலாளர், உரிய சிவில் பரீட்சைகளில் தேறி, விமானப் பராமரிப்புத் துறையில் நுழையலாம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

விண்ணப்பத்துக்கு முன்னரே முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்வது நன்று. நிறக்குருடு போன்ற குறைபாட்டைப் பயிற்சியின் நடுவில் அறிவதிலும் பார்க்க முன்னரே அறிவது மேல். கண்ணாடி அணிவோருக்குச் சிவில் விதிகள் இடமளிக்கின்றன. படையின் விதிகள் அதனிலும் கடுமையாக இருக்கலாம். அடுத்து, ஒப்பந்த ஆண்டுகள் எத்தனை, அவை சேரும் நாளிலிருந்தா பயிற்சி முடியும் நாளிலிருந்தா கணக்கிடப்படும், பறப்பில் தேறாவிடின் என்ன நேரும், இடையில் விலகினால் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு என்பவற்றை எழுத்து மூலம் அறிந்துகொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அனுபவமிக்க விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களை நாடிச் சென்றனர். இத்தொழிலுக்கு உலகில் கேள்வி உண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் படை என்பது பறப்புப் பாடசாலை அன்று. அங்கு சேர்பவர் முதலில் ஒரு சத்தியப்பிரமாணம் செய்கின்றார். ஆயுதம் ஏந்தவும் கட்டளைக்குப் பணியவும் உடன்படுகின்றார். அக்கடமையை மனமார ஏற்கும் பிள்ளைக்கு, பயணிகள் விமானியின் ஆசனம் பின்னர் வரும் வெகுமதியாக அமையும். ஆசனத்தை மாத்திரம் விரும்பும் பிள்ளைக்குப் பத்து ஆண்டுகள் மிக நீண்ட காத்திருப்பாகும். பல்லேகமவிலும் அது போன்ற கிராமங்களிலும் உள்ள பெற்றோர், தமது பிள்ளை இவ்விரண்டில் எந்த வகையினர் என்பதைப் படிவத்தை நிரப்புவதற்கு முன்னர் அறிந்துகொள்வதே உத்தமமாகும்.