ஏலம் போடும் சொற்கள்



சம்பளம் போட்ட வாரத்தில் சுங்கைப்பட்டாணி இரவுச் சந்தைக்குப் போனால், துணிக்காரர் "லேலோங், லேலோங்" என்று கூவுவது காதைத் துளைக்கும். அது மலாய்ச் சொல் என்றே நினைத்திருப்பீர்கள். நாம் சொல்லும் 'ஏலம்' அதன் உடன்பிறப்பு. இரண்டும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அந்த மொழி தந்தவை. மலாய்க்காரர் வீட்டிலும் அலமாரி அலமாரியேதான். மேசை 'மேஜா' ஆகிவிட்டது. காலையில் பெரட்டுக்கு அழைத்த மண்டோரின் பெயர்கூட 'மந்தாதோர்', அதாவது கட்டளையிடுபவர் என்ற போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்ததே. ரப்பர் மரம் இந்நாட்டு மண்ணைக் காண்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மண்டோர் வந்துவிட்டார் போலும்!

1511-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்து எழுதிய தொமே பிரெஸ் என்பவர், நம் கெடாவையும் அதன் மிளகையும் குறிப்பிட்டிருக்கிறார். அன்று மலாக்கா வணிகத்தில் தமிழருக்குப் பெரும்பங்கு இருந்தது. அவர்களுள் ஒருவர் நீனா செட்டு. 1509-இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். நகரம் கைமாறியதும் பெண்டஹாரா பதவி அவருக்குக் கிடைத்தது. 1514-இல் அப்பதவி பறிபோகவே, அவமானம் தாங்காமல் தீக்குளித்து மாண்டார். அந்நியரின் நட்பு எவ்வளவு தூரம் வரும் என்பதை அவர் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

துறைமுகப் பேச்சுக்குப் பெரிய இலக்கணம் தேவைப்படவில்லை. "குவாந்து குஷ்தா?" என்றால் என்ன விலை, "மூயிது காரு" என்றால் விலை மிக அதிகம். இவ்விரண்டும் தெரிந்தால் பேரம் தொடங்கிவிடலாம். பிற்காலத்தில் ஆங்கிலேயருக்கும் இந்த மொழி வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் பாதிரிமார் இந்தியா வந்து ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்றே 1698-ஆம் ஆண்டுச் சாசனம் விதித்தது.

ஆனால் விலை பேசுவதோடு காரியம் முடியுமா? முத்துக்குளித்துறையில் சவேரியார் ஜெபங்களைத் தமிழாக்கச் செய்தபோது, 'விசுவசிக்கிறேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எனக்கு வேண்டும்' என்று வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியவில்லை, திருப்பிச் சொன்னவர்களுக்கும் தெரியவில்லை. பின்னரே கண்டுபிடித்து, 1544-இல் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். கிராணி வாசித்ததை நம்பிக் கைநாட்டு வைத்த என் பாட்டனாரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவருக்குக் கடிதம் எழுதித் திருத்துவார் யாருமில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த நூல்கள்தாம் நமக்குப் பெருமை தருபவை. 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு ஜெபநூல் அச்சானது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் போர்த்துகீசியப் பொருளும் கொடுத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் அங்கு சென்றிருந்த மூன்று தமிழர்கள். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. இதை ஆக்கிய அன்றிக்கு அடிகள் போர்த்துகீசியர். தமிழைப் பாடுபட்டுக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதியவர்.

1679-இல் அம்பலக்காட்டில் அந்தாவ் தெ ப்ரோயென்சா என்ற பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி அச்சேறியது. ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள், அன்று மக்கள் வாயில் வழங்கியபடியே அதில் உள்ளன. வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக்கிடந்த அதன் பிரதியைத் தேடியெடுத்தவர் தனிநாயக அடிகள். அது மறுபடி அச்சானது லிஸ்பனிலா, சென்னையிலா என்று கேட்பீர்கள். கோலாலம்பூரில்தான். 1966-இல், முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நாட்டில் நடந்த அதே ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறை அதை வெளியிட்டது.