விதைநெல்லின் உள்வளம்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தின் அளவு 'நெல் விதைப்பு' என்றும் 'வரகு விதைப்பு' என்றும் குறிக்கப்பட்டு வந்தது. நிலத்தையே விதையைக் கொண்டு அளந்த மக்கள், அவ்விதையின் தரத்தை எவ்வாறு அளந்தனர்?

கோப்பாய் என்றவுடன் வரலாறு கற்றோர்க்கு 1560ஆம் ஆண்டுப் போர்த்துக்கேயர் படையெடுப்பும், யாழ்ப்பாண மன்னன் பின்வாங்கிய கோட்டையும் நினைவுக்கு வரும். அவ்வூர் உழவர்க்கோ அதனினும் பழைய போர் ஒன்றுண்டு. அது உவரோடு நிகழ்வது. ஊருக்குக் கிழக்கே உப்பாற்றுக் கடனீரேரியை அடுத்துள்ள தாழ்நிலங்களில் ஆற்றுப் பாசனம் இல்லை. மாரி மழையை நம்பிப் புழுதியில் விதைத்து, மழைக்காகக் காத்திருத்தலே வழக்கம். முளைத்த பயிர் முதற் சில நாள்களை விதையின் கையிருப்பைக் கொண்டே கடத்தல் வேண்டும்.

இதனை உழவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். சூடடித்துப் பொலி தூற்றுங்கால், காற்றிற் பறவாது அருகில் விழும் கனத்த மணிகளே விதைக்கென ஒதுக்கப்பட்டன. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நெல்லினங்கள் தலைமுறைகளைக் கடந்து வந்தது இவ்வாறே. ஜப்பானில் யோக்கோய் தோக்கியோஷி என்னும் வேளாண் அறிஞர் 1882இல் விதைநெல்லை உப்புநீரிலிட்டு, மிதப்பனவற்றை நீக்கி, அமிழ்வனவற்றைக் கழுவி விதைக்கும் முறையை வகுத்தார். வயலிற் பகையான உப்பு பானையில் நட்பானது வேடிக்கையே!

கனத்தின் பொருளைப் பிற்கால விஞ்ஞானம் விளக்கிற்று. மணியிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி, ஃபைட்டின் என்னும் சேர்மமாகத் தவிட்டுப் படையிலே தங்கியிருக்கின்றது. முளைக்குங்கால் அது கரைந்து இளநாற்றுக்கு உணவாகின்றது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மண்ணிலோ கல்சியம் பொசுபரசைப் பிணித்துவிடும். நாகச் சத்தும் வேர்க்கு எளிதிற் கிட்டாது. நெல் வயலில் நாகக் குறைவால் நேரும் நோயை இந்தியாவின் பந்த்நகரில் நேனே என்பவர் 1966இல் இனங்கண்டார். மண் கொடாததை விதை சிறிது காலம் கொடுக்கும், சிறிது காலமே. மூன்றாம் இலை விரிந்தபின் பயிர் தன் வேரையும் இலையையுமே நம்பவேண்டும். உரம் மிகுந்த வயலில் வளமான விதைக்கும் மெலிந்த விதைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோம்.

பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்-4 நெல் 1958இல் வெளிவந்தபின், உரத்துக்கு ஈடுகொடுத்து விளையும் இனங்கள் இலங்கையெங்கும் பரவின. விதையின் உள்வளத்தைப் பற்றிய பழைய கவலை அதனால் மங்கியது. ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, அவ்வாண்டு இறுதிக்குள் அத்தடை நீக்கப்பட்டபோதும், அப்பெரும்போகத்தின் விளைச்சல் நாடளாவ வீழ்ந்தது. மெலிந்த பயிரின் மணியை மறுபோகத்துக்கு விதையாக்கலாமா என்னும் வினா அத்தகைய காலத்தில் எழுவதே. விதைச் சான்றிதழ் முளைதிறனையும் தூய்மையையும் ஈரப்பதனையும் கூறும். மணிக்குள்ளே பொசுபரசு எவ்வளவு, நாகம் எவ்வளவு என்பது அதில் இராது.