ஹேவ்லாக்கில் உட்கார்ந்து பொட்டி தட்டலாமா? - கொஞ்சம் கேபிள், கொஞ்சம் வரலாறு

ஹேவ்லாக் என்றதும் நம்மாட்களுக்கு ராதாநகர் கடற்கரையும் ஸ்கூபா டைவிங்கும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து படகில் சுமார் இரண்டு மணி நேரம். 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். போர்ட் பிளேரும் 2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம். பழக்க தோஷத்தில் பழைய பெயர்களிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது பயணப் பதிவு இல்லை. ஆகஸ்ட் 10, 2020 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிள் திறக்கப்பட்டது. மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ. வேலையைச் செய்தது பிஎஸ்என்எல். சாந்தோமிலிருந்து கடலில் இறங்கும் இந்தக் கேபிள் போர்ட் பிளேருக்குப் போய், அங்கிருந்து இன்னும் ஏழு தீவுகளுக்குப் பிரிகிறது. அதில் ஹேவ்லாக்கும் ஒன்று. அதுவரை அந்தமானுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இருந்தது செயற்கைக்கோள் மட்டும்தான்.

கொரோனாவில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. 'இனிமே டீமை ஹேவ்லாக்கிலிருந்தே ஓட்டலாமே' என்று நண்பர்கள் வட்டாரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் லீட், பி.எம்., டேமேஜர் என்றெல்லாம் நாம் கூப்பிடும் ஆசாமி நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

கேபிளே இல்லாத காலம்

நம் ஊரில் இந்த வேலையை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் ஆர். நரசிம்மன். சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்துவிட்டு 1954ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் படித்த சில இளைஞர்களை வைத்துக்கொண்டு ஒரு கணினியைக் கட்டினார்கள். 1960ல் அது முழுதாக ஓட ஆரம்பித்தது. டிஃப்ராக் என்று பெயர். கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் இன்னொரு கணினிக்காரர் கிடையாது. லீட் என்றால் வாத்தியார் என்று அர்த்தம்.

1968ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஒரு மாநாடு நடத்தியது. 'சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்' என்ற பெயர் பரவலானது அதற்குப் பிறகுதான். பெரிய மென்பொருள் திட்டங்கள் எல்லாம் தள்ளிப்போகின்றன, செலவு எகிறுகிறது, என்ன செய்வது என்பதுதான் அங்கே பேச்சு. (இன்றைக்கும் அதே பேச்சுதான்.) ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற பிரம்மாண்டத்தை மேய்த்த ஃப்ரெட் ப்ரூக்ஸ், 1975ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். தாமதமான ப்ராஜெக்டில் மேலும் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கணக்கு சுலபம். ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேச 10 வழி. ஐம்பது பேர் என்றால் 1,225 வழி. இத்தனை வழியையும் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் லீட் வேலையில் பாதி.

அதே 1968ல் பம்பாயில் டிசிஎஸ் பிறந்தது. 1974ல் அமெரிக்க பரோஸ் கம்பெனிக்காக ஒரு மருத்துவமனை மென்பொருளை ஒரு வகைக் கணினியிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை வந்தது. இந்தியாவில் உட்கார்ந்து வெளிநாட்டுக்குச் செய்த ஆரம்பகால வேலைகளில் இது முக்கியமானது. கணினியை இறக்குமதி செய்ய லைசென்ஸ், சுங்க வரி என்று ஆயிரம் தடை. டிரங்க்கால் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிரலை டேப்பில் ஏற்றி விமானத்தில் அனுப்ப வேண்டும். ஒரு சந்தேகம் கேட்டுப் பதில் வர நாள் கணக்காகும். அதனால் அன்றைய லீட் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைப்பார். இல்லாவிட்டால் ஆளையே விமானத்தில் ஏற்றுவார்.

இந்த இரண்டாவது வழிதான் நம் பிழைப்பின் பாதையையே தீர்மானித்தது. நாக்பூரில் தமிழ்க் குடும்பத்தில் 1944ல் பிறந்த எஸ். ராமதுரை, அமெரிக்காவில் படித்துவிட்டு 1972ல் டிசிஎஸ்ஸில் சேர்ந்தார். 1979ல் அமெரிக்கக் கிளையை ஆரம்பிக்க நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். 1996ல் தலைமைப் பொறுப்பு. அவருக்குப் பிறகு 2009ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நாமக்கல் பக்கத்து மோகனூர்க்காரர் என். சந்திரசேகரன். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், கோவை சிஐடி, பிறகு திருச்சி ஆர்இசியில் எம்சிஏ, 1987ல் டிசிஎஸ். மோகனூரிலிருந்து மேலே ஏறியவர் என்று பெருமையாகச் சொல்கிறோம். மோகனூரில் இருந்துகொண்டே ஏற வழி இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

அரை நொடி

1985ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் கடை திறந்தது, சொந்த செயற்கைக்கோள் இணைப்போடு. 1991ல் வந்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அதே வசதியைச் சின்னக் கம்பெனிகளுக்கும் கொடுத்தன. 64 கேபிபிஎஸ் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். டேப் போய் ஃபைல் வந்தது. இங்கே பகலில் சொன்னதை அங்கே மறுபகலில் செய்து முடித்தார்கள்.

ஆனால் செயற்கைக்கோளில் ஒரு வில்லங்கம். அது 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. நீங்கள் பேசுவது மேலே போய்க் கீழே வர கால் நொடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஆக அரை நொடி. ஃபைல் அனுப்ப இது ஒரு பொருட்டே இல்லை. பேசிப் பாருங்கள், தெரியும். எதிராளி முடித்துவிட்டார் என்று நாம் ஆரம்பிப்போம், அவரும் ஆரம்பிப்பார், இருவரும் நிறுத்துவோம், 'நீங்க சொல்லுங்க', 'இல்ல நீங்க சொல்லுங்க'. கோபமா தயக்கமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். லீட் வேலையில் அதைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியமே.

ஃபைபரில் ஒளி நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கி.மீ. போகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. போர்ட் பிளேரிலிருந்து மற்றத் தீவுகளுக்கு 2 x 100 ஜிபிபிஎஸ் கொள்ளளவு என்று அரசு அறிவித்தது. ஹேவ்லாக்கில் 2011 கணக்கெடுப்புப்படி ஆறாயிரம் சொச்சம் பேர். கணக்குப்படி பார்த்தால் ராஜபோகம்தான்.

இப்போது என் ஆணி

நியூஜெர்சியில் நான் பிடுங்கும் ஆணிகளைச் சொன்னால் மீதி புரியும். காலை ஏழரைக்குச் சென்னை டீமோடு கால். யாருக்கு எங்கே முட்டுகிறது என்று கேட்பது. பிறகு இரண்டு டிசைன் டாக்குமெண்டைப் படித்துக் கேள்வி எழுதுவது. யாராவது ஒருவரோடு தனியாக அரை மணி நேரம். கோடு ரிவ்யூ, ஆள் எடுக்கும் இன்டர்வியூ, மேலிடத்துக்கு 'இந்த மாதம் முடியாது' என்று நாகரிகமாகச் சொல்வது. நடுவில் ஏதாவது படுத்துவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவது. நானே கோடு எழுதுவது வாரத்தில் சில மணி நேரம் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஊருக்குப் போனால் இதற்கு நேர்மாறான விசாரணை. பத்து வருட அனுபவம் உள்ள என் ஒன்றுவிட்ட தம்பியிடம் பெரியப்பா கேட்டார், 'இன்னுமா தம்பி கோடு எழுதிட்டு இருக்கே?' நம் ஊரில் மேலே போவது என்றால் ஆட்களை மேய்ப்பது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். கோடு எழுதிக்கொண்டே ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் என்று ஏறும் இன்னொரு ஏணியும் இருக்கிறது. ஆனால் எந்த ஏணியானாலும் முதல் நாலைந்து படிகள் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு மூத்தவர் உட்கார்ந்து 'இது ஏன் இப்படி எழுதினே?' என்று கேட்க வேண்டும். நரசிம்மன் காலத்தில் இருந்த வாத்தியார் வேலை இதுதான். டேப், செயற்கைக்கோள், ஃபைபர் என்று எல்லாம் மாறியும் இது மாறவில்லை.

ஆக, ஹேவ்லாக்?

ஏற்கெனவே தேறிய ஆள் மடிக்கணினியோடு அங்கே போய் டீமை ஓட்டலாம். மின்சாரமும் நெட்டும் ஒத்துழைத்தால் முடியும். அந்தமானிலும் இந்திய நேரம்தான், ஆனால் டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டிவிடும். அமெரிக்காக்காரன் காலையில் கால் போடும்போது அங்கே முன்னிரவு தாண்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கவலை இன்னொருவரைப் பற்றி. ஹேவ்லாக்கில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, 1950களில் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள். அங்கே ஒரு ஓட்டல்காரர் மகளோ பாக்குத் தோட்டக்காரர் மகனோ போர்ட் பிளேர் அம்பேத்கர் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டுத் திரும்புகிறார் என்று வையுங்கள். கேபிள் வாசலில் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் உட்காரப்போவது யார்?

இதற்கு ஓரளவு பதில் தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் இருக்கிறது. ஸோஹோ 2011ல் சில பேரோடு தென்காசியில் அலுவலகம் தொடங்கியது. பேருக்கு ஒரு கிளை என்றில்லாமல், 'ஸோஹோ டெஸ்க்' என்ற முழுத் தயாரிப்பே அங்கே உருவானது. கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கு அவர்களே பள்ளி நடத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். 2019ல் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். நெட் இணைப்பு எத்தனையோ சிற்றூர்களுக்குப் போய்விட்டது. தென்காசிக்குக் கூடுதலாகக் கிடைத்தது சொல்லிக்கொடுக்கும் ஆட்களும், முடிவெடுக்க விடும் வேலையும்.

ஹேவ்லாக்குக்கு இதில் முதல் பாதி 2020ல் வந்துவிட்டது, கடலுக்கடியில் அரசாங்கம் போட்டது. இரண்டாவது பாதியை எந்தக் கப்பலும் இழுத்துக்கொண்டு வராது. நம்மை மாதிரி ஆட்கள், விடுமுறைக்கு ஸ்கூபா பண்ணப் போகிறவர்கள், வருடத்தில் இரண்டு மாதம் அங்கே தங்கி நாலு பிள்ளைகளின் கோடைப் படித்து 'ஏன்?' என்று கேட்டால்கூட அது ஆரம்பம்தான். இங்கே இருந்தபடியே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் சரி. இப்போதுதான் அந்த அரை நொடித் தொல்லை இல்லையே.

அந்தமானில் இருந்துகொண்டே பொட்டி தட்டும் மக்கள் யாராவது இதைப் படித்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மழைக்காலத்தில் நெட் எப்படி, மின்வெட்டு எப்படி, முக்கியமாக, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

டிஸ்கி: எனக்கு ஹேவ்லாக்கில் நிலமோ ரிசார்ட்டோ கிடையாது. டேமேஜர் என்று எழுதியது என்னையும் சேர்த்துத்தான்.