மேடு ஏறி வந்த தண்ணி

ஆபீசுல எங்க டேமேஜர் வாயில் தினம் நாலு தடவையாவது வர்ற வார்த்தை "அப்ஹில் டாஸ்க்". மேடு ஏறுற மாதிரி, லேசில் முடியாத வேலைன்னு அர்த்தம். ரெண்டு வாரத்து ஆணிக்கெல்லாம் அவர் இந்தப் பேரை வைக்கும்போது எனக்கு எங்க ஊர் தண்ணிதான் ஞாபகம் வரும். நிஜமாவே மேடு ஏறி வந்த தண்ணி அது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊர் இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போற வழி. பென்னாகரம் தாண்டினா மலைப்பாதை. பஸ் வளைஞ்சு வளைஞ்சு கீழே இறங்கித்தான் ஒகேனக்கல் போகும். அதாவது காவிரி பள்ளத்தில், நாங்க மேட்டில். பக்கத்துலயே ஆறு இருந்தும் நாங்க குடிச்சது என்னவோ போர்வெல் தண்ணிதான்.

அதுல வில்லன் ஃபுளோரைடு. பாறையிலிருந்து கரைஞ்சு வர்றது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் அதிகபட்ச அளவு. மாவட்டத்துல பல இடங்களில் அதுக்கும் மேல. பல்லில் காவிக்கறை விழும். வருஷக்கணக்கா குடிச்சா மூட்டு இறுகும், எலும்பு வளையும். கொதிக்க வெச்சாலும் போகாது. தண்ணி சுண்டறதால இன்னும் அடர்த்தியாகும்.

ஒரே வழி காவிரித் தண்ணியை மேலே ஏத்தறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1998-ல் மத்திய அரசு அனுமதி கிடைச்சது. அடிக்கல் நாட்டவே பத்து வருஷம்: 2008 பிப்ரவரி 26, முதல்வர் கருணாநிதி. உடனே கர்நாடகத்துல எதிர்ப்பு. அங்கே தேர்தல் முடியட்டும்னு ஏப்ரலில் திட்டத்தைத் தள்ளி வெச்சாங்க. அப்புறம் ஜப்பான் கடனுதவியோட, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை நடந்து, 2013 மே 29 அன்னிக்கு முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வெச்சார். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து.

கணக்குப் போட்டா அனுமதிக்கு அப்புறம் மட்டும் பதினஞ்சு வருஷம். அனுமதி வந்தப்போ நான் கைக்குழந்தை, திட்டம் தொடங்கினப்போ ப்ளஸ் ஒன். இந்தக் கறை பல் உருவாகற வயசுலயே விழுந்துடும். பிறகு நல்ல தண்ணி குடிச்சாலும் மாறாது. என் பல்லுக்கு அந்தத் தண்ணி லேட்டு மக்கா. போட்டோவில் நான் வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிப்பேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அக்கா பையனுக்கு முன்பல் ரெண்டும் புதுசா முளைச்சிருந்தது. சுத்த வெள்ளை. பைப்பைத் திறந்து வெச்சுட்டு விளையாடிட்டிருந்தான். முதல்ல போய் மூடினேன். அப்புறம்தான் திட்டினேன்.