கண்ணு நல்லா இருக்கு, ஆனா பாதி தெரியல: துப்பாக்கிக் குண்டு சொல்லிக்கொடுத்த பாடம்

1/ "டாக்டர், இடது கண்ணு தெரியல." பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. சோதித்துப் பார்த்தால் இடது கண்ணை மூடினாலும், வலது கண்ணை மூடினாலும் அதே குறை. இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பாதி இல்லை! கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். இதைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையில் ஒரு வேதியியல் அறிஞர் இருக்கிறார், இரண்டு போர்கள் இருக்கின்றன, ஒரு பென்ஷன் கணக்கும் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், கூடவே வாங்க.

2/ வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன். பல்லேடியம், ரோடியம் என்ற உலோகங்களைக் கண்டுபிடித்த இங்கிலாந்துக்காரர். ஒரு நாள் ஒரு வாசல் கதவுக்கு மேலே இருந்த "ஜான்சன்" என்ற பெயரைப் படிக்கப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் அது ஏழு எழுத்து. கடைசி மூன்று மட்டும் தெரிகிறது, முன்பாதி காணோம். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இன்னொருவராக இருந்தால் "ஏதோ கண் கூசுது" என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை.

3/ ரெண்டு கண்ணிலும் ஒரே பக்கம் எப்படிப் போகும்? 1824-ல் கட்டுரை எழுதினார். கண் நரம்புகள் வழியில் பாதிப் பாதியாகப் பிரிகின்றன. இரண்டு கண்ணும் பார்க்கிற இடப்பக்கக் காட்சி வலது மூளைக்குப் போகிறது, வலப்பக்கக் காட்சி இடது மூளைக்கு. 1704-லேயே நியூட்டன் இதை ஊகித்திருந்தார். வொல்லாஸ்டன் தன் அனுபவத்திலிருந்தே அந்த முடிவுக்கு வந்தார். 1828-ல் அவர் இறந்தபின் பரிசோதித்ததில், வலது மூளையின் ஆழத்தில் ஒரு கட்டி இருந்தது.

4/ சரி, அந்தக் காட்சி மூளையில் எங்கே போய் இறங்குகிறது? பின்மண்டைக்குள், பிடரிப் பக்கம் இருக்கும் ஒரு மடிப்பில் என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன் வாதிட்டார். ஆனால் அந்த மடிப்பில் எந்த இடம் எதைப் பார்க்கிறது? உயிரோடிருக்கும் மனிதர்களிடம் யார் அந்தச் சோதனையைச் செய்வார்கள்? போர் செய்தது.

5/ 1904-05, ரஷ்ய-ஜப்பானியப் போர். ரஷ்யத் துப்பாக்கியின் குண்டு 7.62 மி.மீ. தான், ஆனால் அசுர வேகம். பழைய பெரிய ஈயக் குண்டுகள் மண்டையைச் சிதறடிக்கும். இது சின்னத் துளை போட்டு நேராக மறுபக்கம் வெளியேறிவிடும். அதனால் தலையில் குண்டு பாய்ந்தும் பலர் பிழைத்தார்கள்.

6/ அவர்களுக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும், பென்ஷனுக்காக. அந்த வேலை இருபதுகளில் இருந்த கண் மருத்துவர் தட்சுஜி இனோவுயேவிடம் வந்தது. இங்கேதான் சிக்கல். மடிப்பின் ஒரு பகுதி மட்டும் அடிபட்டவர், எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்துவிடலாம். ஆனால் பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியாது. பலகையை மட்டும் நம்பினால் "நல்லாத்தானே இருக்கான்" என்று அனுப்பிவிடுவார்கள்.

7/ இனோவுயே ஒவ்வொருவருக்கும் பார்வைப் புலத்தை, அதாவது நேராகப் பார்த்துக்கொண்டே சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதை, வரைந்தார். மண்டையை அளக்க ஒரு கருவியும் செய்தார். குண்டு நுழைந்த துளை, வெளியேறிய துளை, நடுவே ஒரு நேர்கோடு: மூளையில் அடிபட்ட இடம் கிடைத்துவிட்டது! 29 வீரர்களின் விவரத்தோடு 1909-ல் ஜெர்மன் மொழியில் புத்தகம் வந்தது.

8/ அவர் கண்டது: பின்மண்டையின் கடைசி நுனி, நாம் நேராகப் பார்க்கும் நடுப்பகுதிக்கு. முன்னே போகப் போக ஓரப் பார்வைக்கு. நடுப்பார்வை சின்னதுதான், ஆனால் அதற்கு மூளை ஒதுக்கிய இடம் மிகப் பெரிது. நீங்கள் இதைப் படிப்பதே அந்த நுனியின் தயவில்தான். இந்தப் புத்தகம் முழுசாக ஆங்கிலத்துக்கு வந்தது 2000-ல்!

9/ அடுத்தது முதல் உலகப் போர். பதுங்குகுழி, பிடரியை முழுசாக மூடாத பிரிட்டிஷ் இரும்புத் தொப்பி. பின்மண்டைக் காயங்கள் குவிந்தன. கோர்டன் ஹோம்ஸும் வில்லியம் லிஸ்டரும் 1916-ல் வெளியிட்டதும், 1918-ல் ஹோம்ஸ் விரிவாக்கியதும் ஏறக்குறைய அதே வரைபடம். 1991-ல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வைத்துத் திருத்தினார்கள். நடுப்பார்வைக்கான இடம் ஹோம்ஸ் சொன்னதைவிடவும் பெரிது.

10/ 1917-ல் ஜார்ஜ் ரிடோக் இன்னொன்று சொன்னார். குருடான பகுதியில் பொருள் தெரியாது, ஆனால் அது அசைந்தால் சிலருக்குத் தெரிகிறது! ஹோம்ஸ் ஏற்கவில்லை. 1974-க்குப் பிறகு, தெரியாத பக்கத்தில் இருப்பதைச் சரியாகக் கைகாட்டும் நோயாளிகள் பதிவானபோது, ரிடோக் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று உலகம் திரும்பிப் பார்த்தது.

11/ இதில் நமக்கு என்ன? போன பாதி கருப்பாகத் தெரியாது. உங்க தலைக்குப் பின்னால் இப்ப என்ன தெரியுது? கருப்பா? இல்லை, ஒண்ணுமே இல்லை. அப்படித்தான். அதனால்தான் பலருக்கு இழப்பே தெரிவதில்லை. தட்டில் ஒரு பக்கச் சோறு மிஞ்சும், கதவு நிலையில் தோள் இடிக்கும், வரியின் முதல் சொல் விட்டுப்போகும். வீட்டில் "கவனமே இல்ல" என்று திட்டுவார்கள். திட்டாதீங்க, சோதிங்க.

12/ எப்படி? ஒரு கை தூரத்தில் எதிரே உட்காருங்க. அவர் ஒரு கண்ணை மூடி உங்க மூக்கையே பார்க்கட்டும். நான்கு மூலையிலும் விரல் காட்டி எத்தனை என்று கேளுங்க. அடுத்து மறு கண். ஏதாவது மூலையில் தடுமாறினால் கண் மருத்துவரிடம் ஃபீல்ட் டெஸ்ட் எடுக்கணும். க்ளாக்கோமாவும் இப்படித்தான் ஓரத்தைச் சத்தமில்லாமல் தின்னும். அதன் ஆரம்பக் கட்டம் இந்த விரல் சோதனையில் பிடிபடாது. 40 தாண்டியவர்கள் கண் அழுத்தமும் பார்த்துக்கொள்வது நல்லது.

13/ திடீரென்று பாதி மறைந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். கை கால் நல்லா இருந்தாலும்! கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. சரியாகிவிட்டாலும் மருத்துவரைப் பார்க்காமல் விடாதீங்க. புலம் குறைந்தவர் மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

14/ பலகையைப் படிப்பது பார்வையில் ஒரு பகுதிதான். அந்த 29 வீரர்கள் மண்டையில் துளையோடு வந்து நமக்குச் சொன்னது அது. வீட்டில் பெரியவங்க இருந்தா, இன்னைக்கே விரல் காட்டிப் பாருங்க.