வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிய கதை

2008ஆம் வருஷம். குர்காவ்னில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. சர்வர்களைக் கண்காணிக்க நாகியோஸ் நிறுவச் சொன்னார்கள். சென்ட்ஓஎஸ் 5 பெட்டியில் மூலநிரலை இறக்கி, கம்பைல் பண்ணி, உலாவியில் திறந்தால் 'இன்டர்னல் சர்வர் எரர்'. கோப்பு அனுமதிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ரூட்டாகவே உட்கார்ந்திருக்கிறேன், அப்பவும் வழிவிட மாட்டேன் என்கிறது!

இணையத்தில் தேடினால் ஊரே சொன்ன ஒரே மருந்து: எஸ்இலினக்ஸை அணைச்சிடு. 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று தட்டினேன். பக்கம் வந்துவிட்டது. ரீபூட் ஆனாலும் மாறாதபடி கான்ஃபிக் கோப்பிலும் மாற்றிவைத்தேன். நாளைக்கு ஒழுங்காகச் சரிசெய்யலாம் என்று வீட்டுக்குக் கிளம்பினேன். அந்த 'நாளைக்கு' வர எட்டு மாசம் ஆச்சு :-)

தணிக்கையில் மாட்டினேன். மற்ற அத்தனை சர்வர்களுக்கும் சாவி இருந்தது அந்த ஒரு பெட்டியில்தான். எங்கள் வங்காளி மேலாளர், தாதா என்றுதான் கூப்பிடுவோம், இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "வாட்ச்மேன் உன்கிட்ட அடையாள அட்டை கேட்டான்னு அவனையே வீட்டுக்கு அனுப்பிட்டியா?"

அதற்கப்புறம்தான் அந்த வாட்ச்மேனின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன்.

யூனிக்ஸ் மரபில் கோப்பு யாருடையதோ அவர் வைத்ததுதான் சட்டம். ரூட்டுக்குச் சட்டமே கிடையாது. ரூட்டாக ஓடும் ஒரு நிரலில் ஓட்டை விழுந்தால் மொத்த வீடும் போச்சு. இந்த அடித்தளத்தின் மேல் எத்தனை பூட்டு போட்டாலும் நிற்காது என்று 1998ல் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை ஆய்வாளர்கள் கட்டுரை எழுதினார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவான ஃபிளாஸ்க் என்ற வடிவமைப்பை லினக்ஸில் பொருத்தி, 2000 டிசம்பரில் பொதுவில் விட்டார்கள். ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் ஒரு சீட்டு. எந்தச் சீட்டு எதைத் தொடலாம் என்று கொள்கை சொல்லும். ரூட்டும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

2001ல் கெர்னல் மாநாட்டில் இதைக் காட்டியபோது லினஸ் டோர்வால்ட்ஸ், ஒரே முறையை மட்டும் சேர்க்காமல் எல்லாருக்கும் பொதுவான சட்டகம் கேட்டார். அப்படி வந்ததுதான் எல்எஸ்எம். 2003ல் எஸ்இலினக்ஸ் 2.6 கெர்னலுக்குள் நுழைந்தது. 2004 மே மாசம் வந்த ஃபெடோரா கோர் 2ல் கடுமையான கொள்கை. சோதனையிலேயே ஏகப்பட்டது உடைந்ததால் அணைத்து வைத்தே வெளியிட்டார்கள். அதே நவம்பரில் ஃபெடோரா கோர் 3, வெளியுலகைத் தொடும் சில சேவைகளை மட்டும் காவலில் வைத்தது. அப்பாச்சி அதில் ஒன்று.

இந்தப் பக்கம் நாகியோஸ். 1999ல் ஈதன் கால்ஸ்டாட் நெட்செயின்ட் என்று ஆரம்பித்து, வணிகப்பெயர்ச் சிக்கலால் 2002ல் பெயர் மாற்றியது. அதற்கு எல்லா அறையையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். காவலனோ அவரவர் அறையோடு நில் என்கிறான். இரண்டு பேருக்கும் நோக்கம் பாதுகாப்புதான். மோதாமல் என்ன செய்யும்?

என் விஷயத்தில் வில்லன் யாருமில்லை. கையால் நிறுவிய நாகியோஸ் கோப்புகளுக்கு அப்பாச்சி இயக்கக்கூடிய சீட்டு இல்லை, அவ்வளவுதான். ஆடிட் பதிவேட்டைத் திறந்தேன். தடுக்காமல் கைகட்டி நிற்க வைத்திருந்தும், மீறல்களை அவன் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். அதைப் படித்து, செமானேஜில் சரியான சீட்டைப் பதிந்து, ரெஸ்டோர்கானில் ஒட்டினேன். அரை மணி நேர வேலை. எட்டு மாசம் தள்ளிப்போட்டது இதைத்தான்!

"எனக்கும் சர்வருக்கும் என்னங்க சம்பந்தம்" என்பவர்களுக்கு: 2014ல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல், ஃபோனுக்குள் இதே வாட்ச்மேன் முழுநேர வேலையில்தான் இருக்கிறான். வழிமறித்தால் திட்டாதீர்கள். என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று முதலில் படித்துப் பாருங்கள்.