வாக்குரிமை (இந்தியா)

மக்களவைக்கும் மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கக் குடிமக்களுக்குள்ள உரிமை. அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு இதற்கு அடிப்படை.

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளே வாக்கைத் தீர்மானித்தன. அத்தகுதியுள்ள பெண்களுக்கும் சென்னை மாகாணம் 1921-இல் வாக்குரிமை அளித்தது. 1928-இன் நேரு அறிக்கை வயதுவந்த அனைவருக்கும் அதைக் கோரியது. 1935-இன் இந்திய அரசுச் சட்டப்படி வாக்காளர் தொகை 3 கோடியா, மூன்றரைக் கோடியா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன.

1947-க்குப் பிறகு, அரசியலமைப்பு வரைவு நிலையில் இருந்தபோதே, அரசியல் நிர்ணய சபைச் செயலகம் வாக்காளர் பட்டியல் வேலையைத் தொடங்கிவிட்டது. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களை எங்கே சேர்ப்பது என்பது முதல் சிக்கல். இவ்வூரிலேயே நிலையாக வாழ எண்ணியுள்ளோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தாலே போதும் எனச் செயலகம் பணித்தது. அகதி முகாமில் இருந்தவருக்கும் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்த வரலாற்றில் இதைவிடப் பெருந்தன்மையான முடிவைக் காண்பது அரிது.

பெண்கள் நிலை வேறு. வட மாநிலங்களில் பலர் அந்நியரிடம் தம் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவாயினர். சொந்தப் பெயரின்றிப் பதிவு கூடாது என்றார் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. அந்தக் கண்டிப்பு அவர்களது முதல் வாக்கைப் பறித்ததா, அடுத்த தேர்தலுக்குள் அவர்களைப் பெயரோடு பதிய வைத்ததா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத்தேர்தலில் 17.3 கோடி வாக்காளர்கள் இருந்தனர். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. சீட்டில் எதையும் குறிக்காமல் விரும்பிய பெட்டியில் போட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் யாருடைய துணையும் இன்றி வாக்களித்தார்.

வாக்குரிமை அரசியலமைப்பு உரிமையா, சட்டம் தந்த உரிமையா? நாமக்கல் தொகுதி வேட்புமனு தொடர்பான பொன்னுசாமி வழக்கில் (1952) உச்ச நீதிமன்றம் பின்னதே என்றது. 2003-இல் நீதிபதி வெங்கடராம ரெட்டி அரசியலமைப்பு உரிமை என்றார்; 2006-இன் குல்தீப் நய்யார் தீர்ப்பு பழைய நிலையையே உறுதிசெய்தது.

வாக்களிக்கும் வயது 1989-இல் 21-இலிருந்து 18 ஆனது. எந்த வேட்பாளருக்கும் வாக்கில்லை எனப் பதியும் ‘நோட்டா’ 2013-இல் வந்தது. தடுப்புக்காவலில் இருப்பவர் வாக்களிக்கலாம். சிறையிலுள்ள விசாரணைக் கைதி, குற்றம் நிரூபிக்கப்படாதவராயினும், வாக்களிக்க முடியாது.